அத்தையின் நோவுக்கு மூன்று பெயர்கள்

அத்தை வாந்தி எடுத்ததை நான் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்ததைத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையே ஒரு வலையை விரித்துக் காயப்போடும் அகலம்தான் இருக்கும். எதிர்வீட்டுக்காரி மணலில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. தலையைத் தூக்கி எங்கள் வீட்டின் பக்கவாட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஏற்கெனவே பரப்பிய நெத்திலியையே மறுபடியும் பரப்பினாள்.

நான் பக்கவாட்டுக்குப் போனபோது அத்தை தென்னையைப் பிடித்தபடி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதடி," என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். வீராம்பட்டினத்தில் மாப்பிள்ளை பேசிப் பரிசம் போட்டாகிவிட்டது. அந்த ஊர் அம்மன் கோயிலின் ஆடித் தேர் முடிந்ததும் ஆவணியில் கல்யாணம். புதுச்சேரியில் கொடி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் மாசேர் பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்னமும் பிரெஞ்சுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கன்னியாஸ்திரீகளை எங்கள் ஊரில் மாசேர் என்போம். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, மேசை, நாற்காலி, பூனை ஆகியவற்றைப் பற்றியது. என் பிரெஞ்சு அவ்வளவுதான் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

வலி முதலில் தொப்புளைச் சுற்றி இருந்தது. அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பெருங்காயத்தை உரைத்துத் தொப்புளில் பூசினாள். மறுநாள் காலை வலி தொப்புளை விட்டு வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. இடம் மாறுகிற வலி வாயு வலிதான், போய்விடும் என்றாள் அம்மா. அத்தை வலது முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, காலை நீட்டச் சொன்னவர்களைத் திட்டினாள். உடம்பு சுட்டது. விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்று அம்மா எடுத்து வந்தபோது அதன் வாடைக்கே மறுபடி வாந்தி எடுத்தாள். இந்த முறை எதிர்வீட்டுக்காரி உள்ளேயே வந்துவிட்டாள்.

"எத்தினி நாளாடி இப்பிடி?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"நேத்துலேர்ந்துதான்."

"நேத்துலேர்ந்துதானா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஒரே வார்த்தையை இரண்டு பேர் சொன்னார்கள். அம்மாவின் முகம் ஏன் மாறியது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா கடலிலிருந்து திரும்பியதும், பின்னாலிருந்து ஆள் தள்ளும் புஷ் வண்டி ஒன்றைக் கூட்டிவந்தார். அத்தையை அதில் உட்காரவைத்து, நானும் அப்பாவும் கூடவே நடந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டி ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் அத்தை வலப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். ஏறும்போது கத்தவில்லை. இறங்கும்போதுதான் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நம்மூர்க்காரர். மருத்துவத்தைப் பிரெஞ்சில் படித்தவர். நோயாளியிடம் தமிழும் அங்கே நர்ஸாக இருந்த மாசேரிடம் பிரெஞ்சும் பேசினார். அவருக்குக் கீழே மதராசிலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன டாக்டருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவரிடம் பெரிய டாக்டர் இங்கிலீஷ் பேசினார். ஆக, அத்தையின் வயிறு ஒன்று. அதைச் சுற்றி மூன்று பாஷைகள்.

பெரிய டாக்டர் அத்தையின் இடுப்பெலும்பில் ஒரு விரலை வைத்தார். தொப்புளில் ஒரு விரலை வைத்தார். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல விரலை ஓட்டி, இடுப்பெலும்புக்குப் பக்கமாக ஓர் இடத்தில் நிறுத்தி மெல்ல அழுத்தினார்.

"இங்க வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

சட்டென்று கையை எடுத்தார். அத்தை அலறிவிட்டாள்.

"எது ஜாஸ்தி வலி? கை வெச்சப்பவா, எடுத்தப்பவா?"

"எடுத்தப்போ."

டாக்டர் சின்ன டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார், சரியான விடை கிடைத்த வாத்தியார் மாதிரி. கையை எடுத்தால் வலி போகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். பள்ளிக்கூடத்து மாசேர் பிரம்பால் அடிக்கும்போது, பிரம்பு எழும்பிய பிறகு ஆறுதலாகத்தான் இருக்கும். இது எந்த ஊர் வலி என்று தெரியவில்லை.

பிறகு டாக்டர் அத்தையின் வயிற்றைத் தடவி, "தெஃபான்ஸ்" என்று மாசேரிடம் சொன்னார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். வெள்ளைக்காரத் தெருக்களில் பெரிய மதில்களில் அந்த வார்த்தையைப் போட்டு, இங்கே நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று எழுதியிருக்கும். அப்பா என் தோளைத் தட்டி, "இன்னா சொல்றாரு?" என்றார். "தொடக்கூடாதுன்னு சொல்றாரு," என்றேன். உள்ளே நோவு இருந்தால் வயிற்றுத் தசை தானாகவே இறுகிக்கொள்ளும், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று மிகவும் பிற்காலத்தில் படித்தேன். நான் சொன்னதும் பெரிய தப்பில்லை.

அதன் பிறகு என்னையும் அப்பாவையும் பச்சைத் துணி மறைப்புக்கு வெளியே போகச் சொன்னார்கள். அப்பா வராந்தா வரை போய்விட்டார். நான் துணியை ஒட்டியே நின்றேன். மாசேர் அத்தையிடம் தணிந்த குரலில் எதையோ கேட்டார். கேள்வி எனக்குக் கேட்கவில்லை. பதில் மட்டும் கேட்டது.

"இல்ல மாசேர்." மறுபடியும், "அம்மன் மேல சத்தியமா இல்ல."

அத்தனை வலியிலும் அழாத அத்தை அப்போது அழுதாள். மாசேர், "சரிம்மா, சரி. கேக்கணும். எல்லாரையும் கேப்போம்," என்று சொல்வதும் கேட்டது.

டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம் சொன்னார்: "அப்பாந்திசித். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"அப்பிடின்னா இன்னாங்க?"

"அப்பெண்டிசைட்டிஸ்," என்றார் சின்ன டாக்டர், உதவி செய்கிறவராக.

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது மேசையும் இல்லை, பூனையும் இல்லை.

மாசேர்தான் தமிழில் சொன்னார்: "குடல்வால்ப்பா. பெருங்குடல் ஆரம்பிக்கிற எடத்துல வாலு மாதிரி சின்னதா ஒண்ணு தொங்கும். அது அடைச்சுக்கிட்டு வீங்கிப்போச்சு. விட்டா உள்ளயே வெடிச்சுடும். சீழ் வயிறு பூரா பரவிடும். அதுக்கு பெரித்தோனித்னு பேரு. அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே கீறி எடுத்துட்டா பொழைச்சுக்குவா."

"வாலா?" என்றார் அப்பா. மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

வராந்தாவில் காத்திருந்தோம். மயக்க மருந்தின் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. வெகுநேரம் கழித்துப் பெரிய டாக்டர் ஒரு சின்னப் பீங்கான் தட்டோடு வந்து அப்பாவிடம் நீட்டினார். எடுத்ததைச் சொந்தக்காரருக்குக் காட்டுவது அவர் வழக்கம் போலும். நானும் எட்டிப் பார்த்தேன். என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம். தடித்து, சிவந்து, நுனியில் கறுத்திருந்தது.

"இதுவா?" என்றார் அப்பா. ஒரு பெரிய மீனுக்குக் காத்திருந்துவிட்டுக் கெளுத்திக் குஞ்சைப் பார்த்தவர் போல இருந்தது அவர் குரல்.

"இதுதான். நல்ல நேரத்துல வந்தீங்க. நாளைக்கு வந்திருந்தா வெடிச்சிருக்கும்."

அத்தைக்குச் சோறு கிடையாது, தண்ணீரும் கிடையாது. உதட்டை ஈரப்பஞ்சால் துடைக்கலாம், அவ்வளவுதான். காற்றுப் பிரிகிற வரைக்கும் அப்படித்தான் என்றார் மாசேர். எங்கள் வீட்டில் சாப்பிடும் நேரத்தில் காற்றுப் பிரிந்தால் அம்மாவின் அகப்பை பறந்து வரும். இங்கேயோ கோட்டு போட்ட பெரிய டாக்டர் மூன்றாம் நாள் காலையில் வந்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். பிரெஞ்சில் மாசேரைக் கேட்டார். மாசேர் தமிழில் அம்மாவைக் கேட்டார். அம்மா வெட்கப்பட்டு என்னைக் கேட்டாள். நான் அத்தையைக் கேட்டேன். அத்தை போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் கிழவி, "அந்தப் பொண்ணு வெக்கப்படுதுங்க. நேத்து விளக்கு வெச்சப்பவே ஆச்சு, நான் காதால கேட்டேன்," என்று சாட்சி சொன்னாள். "பிரவோ!" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வருபவர்களுக்குத்தான் சொல்வார்கள்.

அன்றைக்குத்தான் வீராம்பட்டினத்திலிருந்து தூக்குப் பாத்திரம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஓர் ஆளிடம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அவரை நாங்கள் வீராம்பட்டினத்தம்மா என்போம். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். அம்மாவும் அதே வரிசையில் நாலு கூடை தள்ளி உட்கார்ந்து விற்பவள்தான். சம்பந்தம் பேசியதே அந்த வரிசையில்தான்.

அம்மா மூடியைத் திறந்தாள். பால்சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்ட புட்டு. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகக் கொடுத்தனுப்புவது அது. எதிர்வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தபோது வந்த பாத்திரத்திலிருந்து எனக்கும் ஒரு கை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எல்லோருக்கும் நல்லது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மா மூடியை மூடினாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் திறந்து பார்த்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் மணலில் கவிழ்த்தார். நாய்கள் ஓடிவந்தன.

"ஏம்ப்பா?" என்றேன்.

"கெட்டுப்போச்சு," என்றார்.

கெட்டுப்போன மீனின் வாடை எனக்குத் தெரியும். அது கெட்டுப்போகவில்லை.

மறுநாள் அம்மா மார்க்கெட்டுக்குக் கூடை இல்லாமல் போனாள். நானும் போனேன். வீராம்பட்டினத்தம்மா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா எதிரே போய் நின்றாள்.

"யக்கா, பாத்திரம் வந்துச்சு."

"புள்ள எப்பிடி இருக்குறா?"

"இருக்கா. யக்கா, நீ இன்னா நெனைச்சு அத அனுப்பன?"

வீராம்பட்டினத்தம்மா கத்தியை நிறுத்தவில்லை. "நான் இன்னா நெனைக்கறது? வாந்தி எடுத்தான்னாங்க. சோறு எறங்கலன்னாங்க. வயித்தக் கீறிட்டாங்கன்னாங்க. உங்க தெருவுலேர்ந்துதான் சொன்னாங்க. வயித்துலேர்ந்து இன்னாத்த எடுத்தாங்க, நீயே சொல்லேன் தங்கச்சி."

அம்மா பிரெஞ்சுப் பெயரைச் சொல்லப் பார்த்தாள். நாக்கு பாதியில் நின்றுவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன்: "அப்பாந்திசித்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். "பொத்தி வெக்க வேண்டியதுக்கெல்லாம் பிரெஞ்சுல பேரு வெச்சுட்டுப் போயிட்டானா வெள்ளக்காரன்!" என்றாள் ஒருத்தி.

"தமிழ்ல குடல்வாலு," என்றாள் அம்மா.

இதற்கு வீராம்பட்டினத்தம்மாவின் கத்தி நின்றது. "குடலுக்கு வாலா? இன்னா தங்கச்சி பேசற? நான் எத்தினி வஞ்சிரம் அறுத்திருப்பேன், எத்தினி சுறா கிழிச்சிருப்பேன். குடலு பாத்திருக்கேன், வாலு பாத்திருக்கேன். குடலுக்கு வாலு இருந்து பாத்ததில்லடி."

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் ஆயுசு முழுக்க மீன் அறுத்தவள். அவளும் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அழுதாள். பெயர் பிடிக்கவில்லை என்றதற்கு இவ்வளவு அழுகையா என்று நான் யோசித்தேன். பிரெஞ்சில் சொன்னால் ஒளிக்கிறோம் என்கிறார்கள். தமிழில் சொன்னால் பொய் என்கிறார்கள். மிச்சம் இருந்தது இங்கிலீஷ்தான். வீட்டுக்குப் போனதும் அப்பா என்னைப் பெரிய டாக்டரிடமும் சின்ன டாக்டரிடமும் அழைத்துப்போய், எல்லாப் பெயர்களையும் சரியாகச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்யவைத்தார். நோவின் பெயர், அது வெடித்தால் என்ன பெயர், அறுத்து எடுப்பதற்கு என்ன பெயர். அப்பாந்திசெக்தொமி என்பதை நான் கடைசியில் தடங்கலில்லாமல் சொன்னபோது, அப்பா எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் பெயர்களை மட்டும் நம்பி அவர் நிற்கவில்லை. பெரிய டாக்டரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்: "டாக்டரு, அன்னைக்குத் தட்டுல காட்டினீங்களே, அது இருக்குதா?"

அது இருந்தது. அகல வாய்ப் புட்டியில் ஸ்பிரிட்டு ஊற்றிப் போட்டு வைத்திருந்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பவேண்டியது. எதற்கு என்று டாக்டர் கேட்டார். அப்பா சொல்லமுடியாமல் தரையைப் பார்த்தார். டாக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, மாசேரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். "காட்டிட்டு மாசேர்கிட்ட திருப்பிக் குடுத்துடணும்," என்றார் அப்பாவிடம்.

வீராம்பட்டினத்துக்குச் சொல்லி அனுப்பினோம். பார்வையாளர் நேரத்தில் வீராம்பட்டினத்தம்மா வந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில், கையில் வாழைப்பழச் சீப்போடு, கூடத்துக் கதவோரம் நின்றுகொண்டார். பெண்கள் கூடம் என்பதால் உள்ளே வரவில்லை. நல்ல உயரம். அத்தை ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கூந்தலைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பா என்னை முன்னால் தள்ளினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, பிரெஞ்சு, இங்கிலீஷ், தமிழ் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒரு தப்பும் வரவில்லை.

"புள்ள நல்லா பாட்டுப் பாடுது," என்றார் வீராம்பட்டினத்தம்மா.

அப்பா புட்டியை நீட்டினார். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார், குலுக்கினார், மறுபடி பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். பிறகு, யாரும் எதிர்பார்க்காத வேலை ஒன்றைச் செய்தார். மூடியைத் திருகி, ஸ்பிரிட்டை ஜன்னலுக்கு வெளியே சாய்த்து, உள்ளே இருந்ததை இடது உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். நெத்திலியின் வயிற்றைக் கிழிக்கக் கத்தி வேண்டியதில்லை, பெருவிரல் நகம் போதும் என்பது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நகத்தால் அத்தையின் குடல்வாலை நுனியிலிருந்து அடிவரை கீறினார்.

உள்ளே கறுப்பாகக் கசடும், மிளகு அளவில் கெட்டியாக ஓர் உருண்டையும் இருந்தன. உருண்டையை நகத்தால் நெருடிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்தார். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணைச் சிமிட்டாமல்.

"அழுவிப்போன குடலுதான்," என்றார் வீராம்பட்டினத்தம்மா. "வேற ஒண்ணுமில்ல."

அதைப் புட்டியில் திருப்பிப் போட்டு மூடியைத் திருகினார். அம்மாவின் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. ஊரு வாய நான்தான் அடைக்கணும். நீ சொன்னா எவ நம்புவா? எங்கையால பாத்தேன்னு நானே சொல்றேன் பாரு. நாளைக்கு மார்க்கெட்ல எவ வாயத் தொறக்கறான்னு பாக்கறேன். எம்மருமவடி அவ."

அம்மா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். இந்த முறை சந்தோஷ அழுகை என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சமயம் மாசேர் வந்து புட்டியைப் பார்த்தார். அன்று அவர் பேசிய பிரெஞ்சு எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்காதது.

வீராம்பட்டினத்தம்மா சொன்னபடியே செய்தார். மறுநாள் காலை மார்க்கெட்டில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், தான் கீறிப் பார்த்ததைச் சொன்னார். குடலுக்கு வால் உண்டு என்று அவரே சண்டைக்கு நின்றார். எதிர்வீட்டுக்காரி அத்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள், முட்டையோடு. எங்கள் வீட்டில் மறுபடியும் கல்யாணப் பேச்சு நடந்தது.

அன்று சாயங்காலம் அத்தைக்கு நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து அவரு எங்கடி நின்னாரு?" என்றாள்.

"கதவாண்ட."

"எல்லாத்தையும் பாத்தாரா?"

"பாத்தாரு."

"ஒண்ணும் சொல்லலியா? அவங்கம்மாகிட்ட, போதும், உடும்மான்னு... அந்த மாதிரி?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். "கடைசியா என்னைக் கூப்பிட்டாரு அத்தை. அம்மா கை கழுவணும், சோப்பு இருக்குதான்னு கேட்டாரு."

அத்தை சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று மாசேர் எச்சரித்திருந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. வலியால்தான் வந்தது என்று நான் நினைத்தேன். கஞ்சி போதும் என்று கிண்ணத்தை ஒதுக்கினாள்.

தையல் பிரித்த அன்று அப்பா டாக்டரிடம், அத்தையின் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். டாக்டரும் சொன்னார்: "உனக்கு ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு."

"எனக்கு மொதல்லயே தெரியும் டாக்டரு," என்றாள் அத்தை.

டாக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வாசலில் புஷ் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவள் அப்பாவிடம் சொன்னாள்: "அண்ணா, வீராம்பட்டினத்துக்கு ஆள் அனுப்பிடு. எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம்."

அப்பாவுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. "எல்லாம்தான் சரியாயிடுச்சே," என்றார்.

"உங்களுக்குச் சரியாயிடுச்சு."

அப்பா வழியெல்லாம் கத்தினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கெஞ்சினாள், பிறகு அவளும் கத்தினாள். அத்தை ஒரே பதிலைத்தான் சொன்னாள், வேணாம். காரணம் கேட்டாலும் அதே பதில்தான். வீராம்பட்டினத்தம்மா நேரில் வந்து, தன் நல்ல மனசுக்கு இதுதானா மரியாதை என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையாகவே நொந்துபோயிருந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மார்க்கெட் வரிசை ஒரே நாளில் மறுபடி திரும்பிக்கொண்டது. மடியில் கனமில்லாதவள் எதற்குக் கல்யாணத்துக்குப் பயப்படுகிறாள் என்று பேசினார்கள். அம்மா பல நாள் மார்க்கெட்டுக்கே போகவில்லை. தெருத்தெருவாகக் கூடையைச் சுமந்து விற்றாள்.

பரிசோதனைக்கு அனுப்பிய புட்டியைப் பற்றி டாக்டர் பிறகு எதுவும் சொன்னதாக நினைவில்லை. அத்தை சில வருஷங்கள் எங்களோடு இருந்தாள். பிறகு முதலியார்பேட்டையில், தாரம் இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். பெண் பார்க்க வந்தபோது அவர் வயிற்றுத் தழும்பைப் பற்றிக் கேட்டாரா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஆவணியில் எனக்குப் புதுப் பாவாடை கிடைக்காமல் போனது. நான் எனக்குத் தெரிந்த விஷயங்களை வைத்துக் காரணம் தேடினேன். நோவு தீர்ந்துவிட்டது. பெயரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை நல்ல உயரம். மிஞ்சியது சோப்புதான். ஆஸ்பத்திரியில் சோப்பு இருந்தது. அவர் கேட்டதும் நானே ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தேன். ஒருவர் சோப்புக் கேட்டதற்காக ஒரு கல்யாணம் ஏன் நிற்கவேண்டும் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை.